பழைய கியர்பாக்ஸில் பெரிய இஞ்சின்: சி10 டிரக்கில் 350 ஏற்றியபோது

வண்டி 1975 செவ்ரோலே சி10. இருந்தது 250 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்லைன் இஞ்சின். பின்னால் எஸ்எம்465 நாலு கியர் பெட்டி. இஞ்சினை மட்டும் 350 வி8-ஆக மாற்றினோம். பெட்டி தாங்குமா என்ற கவலையே வேண்டாம். ஏறக்குறைய 80 கிலோ வார்ப்பிரும்பு, முதல் கியர் 6.55:1, 350 அதற்கு ஒரு சுமையே இல்லை. தலைவலி முழுக்க கிராங்கின் (இஞ்சினின் சுழல் தண்டு) பின்முனையில்தான்.

இந்த இன்லைன் ஆறுக்கும் வி8-க்கும் பெல் ஹவுசிங் (இஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் மணி வடிவக் கூடு) போல்ட் துளைகள் ஒன்றே. பழைய பெல் ஹவுசிங்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கார்களில் வரும் ஹவுசிங்கும் பிளாக்கில் உட்காரும். ஆனால் நடுத்துளை சிறிது, டிரக் பெட்டியின் 5.125 அங்குல பேரிங் ரிடெய்னர் (முன் பேரிங்கைப் பிடித்து நிற்கும் வளையம்) அதில் நுழையாது.

இஞ்சின் வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். 1985 வரை வந்த 350-களில் பின் மெயின் சீல் (கிராங்கின் பின்னால் எண்ணெய் கசியாமல் தடுப்பது) இரண்டு துண்டு, கிராங்க் ஃபிளாஞ்சின் போல்ட் வட்டம் 3.58 அங்குலம். 1986 முதல் ஒரே துண்டு சீல், வட்டம் 3.00 அங்குலம். பழைய பிளைவீல் (கிராங்கின் பின்னால் மாட்டும் கனச் சக்கரம்) அதில் ஏறாது. ஏறும்படி துளை போட்டாலும் பயனில்லை; புதிய வகைக்கு எடை வைத்த பிளைவீல் வேண்டும், இல்லாவிட்டால் வண்டி முழுக்க நடுங்கும். நாங்கள் பழைய வகையையே எடுத்து, 168 பல் பிளைவீல் போட்டோம். அதில் 11 அங்குல கிளட்ச் உட்காரும். 153 பல்லில் 10.4 அங்குலம்தான். ஸ்டார்ட்டரும் அதற்கேற்றது வேண்டும்: 168-க்கு இரு போல்ட்டும் கோணலாக நிற்கும், 153-க்கு நேர்கோட்டில்.

எங்கள் 350 ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வந்தது, ஆகவே பைலட் புஷ் (பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்க, கிராங்கின் பின்துளையில் இறக்கும் சிறு வளையம்) இல்லை. அப்படிப்பட்ட சில கிராங்குகளில் துளையையே முழு அளவுக்குக் கடைந்திருக்க மாட்டார்கள். முதலில் 1.094 அங்குலம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். புஷ்ஷைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புக் கலப்பு, வெண்கலமே மேல். அடித்து இறக்கியதும் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்தும் அலைன்மென்ட் கருவியின் முனை தடையில்லாமல் போய்வர வேண்டும். அது இறுகினால் இன்புட் ஷாஃப்ட்டும் இறுகும்; கிளட்சை மிதித்தாலும் பெட்டி சுற்றிக்கொண்டே இருக்கும்.

பலர் தாண்டிப்போகும் வேலை ஒன்று உண்டு. பெல் ஹவுசிங்கை வெறும் பிளாக்கில் மாட்டி, பிளைவீலில் டயல் கேஜ் நிறுத்தி, நடுத்துளையைச் சுற்றி அளப்பது. கேஜ் காட்டுவது உண்மையான விலகலைப் போல் இரு மடங்கு. மொத்தம் 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு 0.018 வந்தது. 0.007 ஆஃப்செட் டோவல் பின் (ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும், மையம் விலகிய முளை) போட்டுச் சரியான திசைக்குத் திருப்பினோம், 0.004-க்கு இறங்கியது. இதைச் செய்யாமல் விட்டால் பைலட் புஷ் தேயும், கியர் தானாக நழுவும், பழி பெட்டியின் தலையில் விழும்.

பிளைவீல் போல்ட்டுகள் 60 அடி-பவுண்ட், பிரஷர் பிளேட் (கிளட்ச் தட்டைப் பிளைவீலோடு அழுத்துவது) போல்ட்டுகள் 35. பிரஷர் பிளேட்டைக் குறுக்காக, சுற்றுக்கு அரைத் திருகு வீதம் இறுக்குங்கள். பத்துப் பல் 1-1/8 அங்குல ஸ்ப்ளைன் (நடுத்துளையின் நீளப் பற்கள்) உள்ள கிளட்ச் தட்டு, ஸ்பிரிங் பக்கம் பெட்டியைப் பார்க்க வேண்டும். ரிலீஸ் பேரிங்கில் (கிளட்சை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளுவது) குட்டை, உயரம் என இரண்டு வகை. வளைந்த விரல் பிரஷர் பிளேட்டுக்குக் குட்டை, தட்டையானதற்கு உயரம். மாறிப் போட்டால் ஒன்றில் கிளட்ச் வழுக்கும், மற்றதில் விடவே விடாது.

இறக்கும்போது பெல் ஹவுசிங்குக்கும் பிளாக்குக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளியில் எங்கள் இஞ்சின் நின்றுவிட்டது. போல்ட் போட்டு இழுத்துவிடத் தோன்றும். கூடவே கூடாது: ஹவுசிங் காது உடையும், இல்லையேல் தட்டின் நடு வளையும். பெட்டியை நாலாவது கியரில் போட்டு, சக்கரத்தைக் கட்டை வைத்து நிறுத்தி, முன்னால் டாம்பர் (கிராங்கின் முன்முனைச் சக்கரம்) போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கிராங்கை மெல்லத் திருப்பினோம். பல் பல்லோடு சேர்ந்ததும் ‘டொக்’ என்று உள்ளே போனது.

மவுண்ட் ஸ்டாண்டுகள் வி8-க்கு உரியவை வேண்டும். ரேடியேட்டரையும் பெரிதாக்க வேண்டும். கிளட்ச் இசட்-பாருக்கான (மிதியின் அசைவைக் கிளட்சுக்குக் கடத்தும் தண்டு) பந்து ஸ்டட் பிளாக்கில் திருகி நிற்கிறது. சில பிளாக்குகளில் அந்தத் துளைக்குத் திருகே போட்டிருக்காது, வாங்குமுன் பாருங்கள். வெளிச்சந்தை ஹெடரும் (புகைக்குழாய்த் தொகுதி) அந்த பாரில் இடிக்கும். நாங்கள் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையே வைத்துக்கொண்டோம். ஸ்டார்ட்டர் பல்நுனிக்கும் பிளைவீல் பல்லின் அடிக்கும் இடையே குறைந்தது 0.020 அங்குலம் இல்லாவிட்டால் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள்.

சக்தி கூடினாலும் நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் குறையாது. மேல் கியர் 1:1, பின் ஆக்சில் 4.10, டயர் 30 அங்குலம் என்றால் மணிக்கு 60 மைலில் 2,755 சுற்று; முன்பும் அதேதான், இப்போதும் அதேதான். இதே பெட்டியோடு அதைக் குறைக்க வேண்டுமானால் ஆக்சில் பல்லையோ டயர் அளவையோ மாற்ற வேண்டும்.