மூன்றடுக்கு முடி

1522 செப்டம்பரில் விட்டன்பர்க்கில் அச்சான, போப்பாண்டவரை எதிர்த்துச் சீர்திருத்தம் தொடங்கிய மார்ட்டின் லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டை நேற்றிரவு ஸ்கேனில் புரட்டிக்கொண்டிருந்தேன். தலைப்புப் பக்கத்தில் மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை, அச்சகத்தார் பெயர் இல்லை, ஆண்டு கூட இல்லை; ஊர்ப் பெயர் மட்டும்தான். அது போதும், யார் வேலை என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

படங்கள் ஓவியர் லூக்காஸ் கிரானாக் பட்டறையுடையவை. கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு தலை மிருகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், தீமையின் உருவமான பாபிலோன் வேசியின் தலையில் போப்பாண்டவரின் மூன்றடுக்கு முடி! பக்கத்துச் சாக்சனியை ஆண்ட கத்தோலிக்கக் கோமகன் ஜார்ஜ் சும்மா இருப்பாரா, தன் பகுதியில் புத்தகத்தையே தடை செய்துவிட்டார். டிசம்பரில் மறுபதிப்பு வந்தபோது பட்டறைக்காரர்கள் புதுப்படம் வரையவில்லை, அதே மரக்கட்டையில் மேலடுக்குகளைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சாதாரண கிரீடமாக்கினார்கள்.

தடையால் அடி வாங்கியது ஜார்ஜின் ஆட்சியில் இருந்த லைப்சிக் நகர அச்சுக்காரர்கள். கேட்கிற சரக்கை அச்சடிக்க முடியவில்லை, அடுக்கி வைத்திருப்பதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை என்று 1524இல் நகர சபையிடம் புலம்பியிருக்கிறார்கள். பாவம்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. 1527இல் அதே ஜார்ஜின் ஆள் எம்சர் கத்தோலிக்கப் பதிப்பு ஒன்று கொண்டுவந்தார். நடை பெரும்பாலும் லூதருடையது, படங்களும் கிரானாக்கிடமே வாங்கியவை! என் உழைப்பைத் தன் பெயரில் விற்கிறான் என்று லூதர் 1530இல் பொரிந்து தள்ளினார்.

1534இல் முழு வேதாகமம் வந்தபோது, வேசியின் தலையில் மூன்றடுக்கு முடி மறுபடி ஏறிவிட்டது.