கிரைண்டர் பிடித்த கை மரத்துப்போனது: ஏழு வாரக் குறிப்பு

குன்னூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வாங்கி வைத்த இரண்டு தேக்குக் கதவுகள் என்னிடம் இருக்கின்றன, இரண்டிலும் தடிமனான பழைய பெயிண்ட். டிசம்பர் முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்கே, பனி விலகுவதற்கு முன்னால், கையில் பிடித்து ஓட்டும் நாலு இஞ்சு கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் துண்டுகளை வட்டமாக அடுக்கிய தட்டு) மாட்டி இரண்டரை மணி நேரம் தேய்த்தேன். முடித்துவிட்டு காபி டம்ளரைப் பிடித்தால் அதன் சூடு விரலுக்குத் தெரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வலது கையில் எறும்பு ஊறுவது போல இருந்து எழுந்துவிட்டேன்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்து டாக்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது எந்த விரல் என்றுதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றேன். இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று சேர்த்து மணிக்கட்டை மடித்து ஒரு நிமிடம் வைக்கச் சொன்னார், அரை நிமிடத்திலேயே குறுகுறுத்தது. மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு அழுந்துகிறது, இரண்டு வாரம் மெஷினைத் தொடாதீங்க, மறுபடி மரத்தால் தள்ளிப்போடாம வாங்க என்றார்.

அந்த இரண்டு வாரத்தில் கிரைண்டரோடு வந்த புத்தகத்தை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். அதிர்வு அளவு 7.5 மீ/வி² (எண் கூடினால் உதறல் கூடும்) என்று போட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 2.5-ஐத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு இரண்டு மடங்கானால் நேரம் பாதியாகக் குறைந்தால் போதாது, கால்வாசியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்கில் என் கிரைண்டருக்கு 2.5 என்ற அளவு 53 நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கும் என் இன்னொரு மெஷினான சாண்டருக்கு அதிர்வு 3.5, அதாவது நாலு மணி நேரம். புத்தகத்தில் இருப்பது புது மெஷினைச் சோதித்து எடுத்த அளவு, தேய்ந்த மெஷின் இன்னும் அதிகமாக உதறும், அதனால் நான் இந்த நேரங்களைப் பாதியாக எடுத்துக்கொள்கிறேன். சுவிட்ச் போட்டு மெஷின் ஓடும் நேரத்தை மட்டும் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணுகிறேன். கிரைண்டர் ஒரு நாளைக்கு 25 நிமிடம், அதுவும் ஐந்து ஐந்து நிமிடமாக.

அப்புறம் மெஷினைப் பார்த்தேன். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், அப்போதும் கை உதறியது. டிஸ்க் இல்லாமல் சாந்தமாக ஓடினால் கோளாறு டிஸ்க்கில், இல்லாமலும் உதறினால் பெரும்பாலும் பேரிங். வைண்டிங் கடையில் கொடுத்துப் பேரிங்கை மாற்றியதும் வேறு மெஷின் போல ஆகிவிட்டது. இதை மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டதுதான் பெரிய தப்பு என்று நினைக்கிறேன். சாண்டரில் உப்புத்தாளை நடுவில் சரியாக ஒட்டவேண்டும், கொஞ்சம் விலகினாலும் தட்டின் எடை ஒரு பக்கம் சாய்ந்து ஆட்டம் கூடும்.

அழுத்திப் பிடிப்பது இன்னொன்று. தாள் மழுங்கியதால்தான் அழுத்தினேன், அழுத்தியதால் பிடி இறுகியது, பிடி இறுகினால் அதிர்வு நேராகக் கைக்குள் ஏறும். இப்போது தாள் வெட்டவில்லை என்று தெரிந்தவுடன் மாற்றுகிறேன், சாண்டரின் எடையே போதும், கை வழிகாட்டினால் சரி.

ஜெல் வைத்த கையுறை வாங்கினேன். உள்ளங்கைக்குக் கொஞ்சம் இதம், விரல்நுனிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தடிமனாக இருப்பதால் இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றுகிறது. ஆனால் கை குளிராமல் இருக்கிறது, அதற்காக வைத்திருக்கிறேன். குளிரில் விரலின் ரத்தக்குழாய் சுருங்கும், அதோடு அதிர்வும் சேர்ந்தால் மோசம். 1918-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை, வேலையால் வரும் நோய்களை ஆராய்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் பதிவு செய்திருக்கிறார். அதைப் படித்த பிறகு நான் காலை வேலையை விட்டுவிட்டேன். வெயில் ஏறிய பின் பதினொரு மணிக்குத்தான், அதுவும் வெந்நீரில் கை நனைத்துவிட்டு.

ஏழாவது வாரம். ராத்திரி குறுகுறுப்பு மூன்று வாரமாக இல்லை. ஆள்காட்டி விரல்நுனி மட்டும் பையில் தடவும் நாணயம் ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று இன்னும் சரியாகச் சொல்லவில்லை, அடுத்த மாதம் அதை டாக்டரிடம் காட்டுவேன். முதல் கதவு முடிந்தது. இரண்டாவது கதவின் பூவேலையைச் சுரண்டியால் கையாலேயே எடுக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு சதுரம்தான் நகர்கிறது.