சிரிக்கும் புனிதரின் கோயிலில்

இத்தாலியின் வெரோனா நகரில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான். ரோமானியர் கால அரங்கமான அரீனாவைப் பார்த்துவிட்டு ரயிலேறுவதாக இருந்தோம். அம்மாதான் விடவில்லை. “ஊர் வரைக்கும் வந்துட்டு ஊர்ப் பாதுகாவலரைக் கும்பிடாமப் போறதா?” என்றார். சரி என்று, அந்தப் பாதுகாவலரான புனித ஜெனோவின் பெயரிலுள்ள சான் ஜெனோ கோயிலுக்கு நடந்தோம்.

1117ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு ரோமனெஸ்க் என்ற பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணியில் எழுப்பிய கோயில் இது. பக்கச் சுவர் முழுக்க வெளிர்கல் ஒரு வரி, செங்கல் ஒரு வரி. முகப்பின் வட்டச் சாளரத்துக்கு ‘அதிர்ஷ்டச் சக்கரம்’ என்று பெயர். விளிம்பைச் சுற்றி, வாழ்வில் ஏறுகிறவனும் விழுகிறவனுமாக ஆறு உருவங்கள்.

உள்ளே நடுக்கூடத்திலிருந்தே அகலமான படிகள் நிலவறைக்கு இறங்குகின்றன. தூண்கள் 49, உச்சிச் சிற்பம் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. நடுவே கண்ணாடிப் பேழையில் புனித ஜெனோவின் உடல், ஆயருக்குரிய (பிஷப்) உடையில், முகத்தில் வெள்ளிக் கவசத்தோடு. 4ஆம் நூற்றாண்டில் இந்த ஊருக்கு ஆயராக இருந்தவர். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பது மரபு.

அங்கே உட்கார்ந்துதான் அம்மாவுக்கு வெள்ளத்தின் கதையைச் சொன்னேன். திருத்தந்தை பெரிய கிரகோரியார் எழுதி வைத்தது அது. 589இல் அடிஜே ஆறு பெருகி, இவர் பெயரிலிருந்த பழைய கோயிலின் சாளரம் வரை தண்ணீர் ஏறிவிட்டது. கதவு திறந்தே கிடந்தும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. உள்ளே அகப்பட்டவர்கள் தாகம் எடுத்தபோது வாசலுக்கு வந்து, சுவர்போல் நின்ற அந்தத் தண்ணீரையே அள்ளிக் குடித்தார்களாம். “குடிக்கவும் குடுத்துருக்காரே!” என்ற அம்மாவுக்குக் குரல் தழுதழுத்தது. புதுமைகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். காப்பாற்றியதோடு நிற்காமல் தாகத்தையும் நினைத்திருக்கிறார். இருவருமாகச் செபமாலை சொன்னோம்.

அப்புறம் மேல்தளம். பீடத்தில் ஓவியர் மான்டேஞா வரைந்த அன்னை மரியா ஓவியத் தொகுதி. 1797இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துப் போனதில் பெரிய ஓவியங்கள் மூன்றும் திரும்பிவிட்டன. கீழ்வரிசைச் சிறிய மூன்றும் பிரான்ஸிலேயே இருக்கின்றன. இங்கே அவற்றின் நகல்கள்தான். அவையும் வீடு வந்து சேர வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

பீடத்துக்கு இடப்புறம் ஜெனோவின் சிலை. கறுத்த முகம், வாய் நிறைந்த சிரிப்பு. ‘சிரிக்கும் ஜெனோ’ என்றுதான் ஊரார் அழைக்கிறார்கள். ஆயர்கோலில் ஒரு மீன் தொங்குகிறது. அடிஜேயில் தாமே மீன்பிடித்துச் சாப்பிட்டவர் என்பார்கள். எத்தனையோ புனிதர்களின் சிலை முன்னால் மண்டியிட்டிருக்கிறேன். இப்படி வாய்விட்டுச் சிரிக்கிறவரை இங்கேதான் பார்த்தேன். வீட்டிலிருந்து சுமந்து வந்த வேண்டுதல்களைச் சொல்ல வாயெடுத்தேன். பாதிக்கு மேல் சொல்லத் தோன்றவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது வெண்கலக் கதவுகளின் முன் நின்றோம். மரத்தின் மேல் அறைந்த 48 சதுரத் தகடுகள், பெரும்பாலும் விவிலியக் காட்சிகளும் ஜெனோவின் வாழ்க்கையும். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர், ஒரு தகட்டின் முன் குனிந்தார்.

“இங்க பாரு, மீன் பிடிச்சிட்டிருக்கார்.”