மோன்மார்த்ர் குன்றில் ஒரு பாறையைத் தேடி

மழை தூறிக்கொண்டிருந்த ஓர் அக்டோபர்க் காலையில், பாரிசின் மோன்மார்த்ர் குன்றின்மேல் நிற்கும் சாக்ரே கேர் பேராலயத்துக்குச் சென்றேன். பக்கத்திலேயே இழுவை இரயில் ஓடினாலும், பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆன்றி முலேயின் ஆர்கன் இசையைப் பல ஆண்டுகளாக ஒலிப்பதிவில் மட்டுமே கேட்டுவந்த எனக்கு, அந்த 222 படிகளையும் நடந்தே ஏறவேண்டும் என்றிருந்தது.

முலே 1878இல் பாரிசில் பிறந்தவர். அவருடைய தந்தை இவ்வாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். பத்துப் பகுதிகள் கொண்ட தம் 'பைசாந்தியச் சித்திரங்கள்' தொகுப்பை, 1914–1919 என்று ஆண்டு குறித்து, இவ்வாலயத்தின் நினைவுக்கே முலே காணிக்கையாக்கினார். கட்டி முடிந்த ஆலயம், உலகப் போர் மூண்டதால், புனிதப்படுத்தும் சடங்கான அர்ச்சிப்புக்காகக் காத்திருந்த ஆண்டுகளும் அவையே.

நடுக்கூடம், வண்ணச் சாளரம், மணிக்கோபுரம் என்று அப்பகுதிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். உள்ளே பேசக்கூடாது, 1885 முதல் இரவும் பகலும் இடைவிடாமல் ஆராதனை நடக்கும் இடம் அது. சாளரங்களை அண்ணாந்து பார்த்தபோது மனம் சற்றுக் கனத்தது, ஏனெனில் முலே கண்ட கண்ணாடிகள் 1944ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் நொறுங்கிப்போயின. பீடத்துக்கு மேலே பொன்னாய் ஒளிரும் மொசைக் ஓவியமும் 1923இல்தான் நிறைவேறியது. அவர் கண்டவற்றுள் மாறாமல் எனக்குக் கிடைத்தது கல்தான்.

அந்தக் கல்லுக்கும் ஒரு கதை உண்டு. ஜிப்சம் தோண்டித் தோண்டி உள்ளே பொள்ளலாகிப்போன குன்று இது. ஆகவே 30 மீட்டருக்கும் மேல் ஆழமாக 83 குழிகளை இறக்கி, அவற்றைக் கட்டுமானத்தால் நிரப்பித் தூண்களாக்கி, அவற்றின்மேல்தான் ஆலயத்தை எழுப்பினார்கள்.

வெளியே வந்து, கூரைவிளிம்பின் கீழ் ஒதுங்கி நின்று, தொகுப்பின் கடைசிப் பகுதியான 'தூ எஸ் பெத்ரா'வைக் காதில் ஒலிக்கவிட்டேன். 'நீ பாறை, பாதாளத்தின் வாயில்கள் உன்னை மேற்கொள்ளா' என்பது அதன் முழுத் தலைப்பு. நற்செய்தியில், பாறை என்று பொருள்படும் பெயர்கொண்ட சீடர் பேதுருவை நோக்கி இயேசு சொன்னதை, முலே பாறையையே விளித்துச் சொல்வதாக மாற்றியிருக்கிறார். இரு கைகளும் மாறி மாறி விரைந்து தட்டும் சுரக்கொத்துகள் எஃப் ஷார்ப் மைனர் என்னும் இருண்ட சாயலுள்ள சுருதியில் படபடக்க, அவற்றின் அடியில் கால்களால் வாசிக்கும் பெடல் மெட்டு கனத்து எழுகிறது. மேலே எத்தனை கொந்தளிப்பு இருந்தாலும் கட்டடத்தைத் தாங்குவது கீழிருக்கும் அந்தக் குரலே என்று, பல முறை கேட்டும் எனக்குப் பிடிபடாத ஒன்று, மண்ணுக்குள் இறங்கிய 83 தூண்களை நினைத்த கணத்தில் விளங்கியது. ஆர்கனின் முழு வலிமையும் திரண்டு இறுதியில் ஒளிமிக்க மேஜர் சுருதிக்குத் திரும்பும்போது, அது எனக்கு வெற்றி முழக்கமாகக் கேட்கவில்லை. போர்க்காலத்தில் ஒருவர் பற்றிக்கொண்ட நம்பிக்கையாகவே கேட்டது.

மழையில் நனைய நனைய வெளுக்கும் சுண்ணாம்புக்கல் அது. ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி, முதலிலிருந்து இன்னொரு முறை கேட்டேன்.