கயிலையின் வடமுகமும் பழைய நிழற்படங்களும்

திருக்கயிலாய வலத்தில், நடை தொடங்கும் வாயிலான யம துவாரத்தைக் கடந்து ஆற்றோரமாக நடப்பவர்களுக்கு முதல் நாள் நடை டேராபுக் என்ற தங்குமிடத்தில் முடிகிறது. அங்கே, இரு குன்றுகளுக்கு நடுவே, 6,638 மீட்டர் உயரமுள்ள கயிலையின் வடமுகம் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. மாலையில் மேகம் விலகியதும் உடன் வந்த அடியார்கள் "நமசிவாய" என்று உரக்கச் சொல்லித் தரையில் விழுந்து வணங்கினார்கள். வணங்கி எழுந்த பின்னும் என் கண்கள் அந்தப் பாறையை விட்டு அகலவில்லை. பனி ஒட்டாத இடங்களிலெல்லாம் கோபுர நிலைகளைப் போலக் கிடைவாக்கில் அடுக்குகள் தெரிந்தன.

திபெத் அயலாருக்கு அடைபட்டிருந்த 1936இல், சுவிட்சர்லாந்தின் நிலவியல் அறிஞர் அகஸ்டோ கான்சர் பௌத்த யாத்திரிகராக வேடமிட்டு இம்மலையை வலம் வந்தார். கூழாங்கற்கள் இறுகிச் சேர்ந்த பாறையால் ஆனவை இவ்வடுக்குகள் என்பதைக் கண்டறிந்து, நிழற்படங்களோடும் பாறைத் துண்டுகளோடும் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலிய அறிஞர் ஜுசெப்பே டூச்சியும், மருத்துவராகவும் படம் எடுப்பவராகவும் அவருடன் சென்ற யூஜெனியோ கெர்சியும் இங்கு வந்திருந்தார்கள். இப்படி ஆராய்வதும் படம் எடுப்பதும் மலையின் புனிதத்துக்கு இழுக்கு என்று சிலர் கருதக்கூடும்; நான் அப்படி எண்ணவில்லை. கருவியைச் சுமந்துகொண்டு, மூச்சு முட்டும் உயரத்தில், அடியார்கள் நடந்த அதே பாதையில் அவர்களும் நடந்துதான் அந்தப் படங்களை எடுத்தார்கள்.

மானசரோவர்க் கரையில் குளிர்காலத்திலும் தங்கியிருந்து ஆராய்ந்த சுவாமி பிரணவானந்தரின் பணி என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1949இல் வெளிவந்த அவருடைய நூல் படங்களோடு வரைபடங்களையும் வழிக்குறிப்புகளையும் தந்து, பின்னால் வருவோருக்குத் துணையாயிற்று.

கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பும் தேய்ந்து, உடலால் புரண்டும் கயிலையை அடைய முயன்ற அப்பர் பெருமானுக்கு இறைவன் திருவையாற்றிலேயே அக்காட்சியை அருளினான் என்கிறது பெரியபுராணம். நடக்க இயலாத எத்தனையோ பேருடைய பூசையறையில் இன்று கயிலைப் படம் இருப்பதையும் அந்த அருளின் தொடர்ச்சியாகவே நான் காண்கிறேன்.

செல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் 5,600 மீட்டருக்கு மேல் உள்ள டோல்மா கணவாயைக் கடக்க உடல்நிலை இடம் தராமல் டேராபுக்கிலிருந்தே திரும்ப நேர்ந்தாலும் மனம் கலங்க வேண்டாம். வடமுகத்தை இவ்வளவு அருகில், நேருக்கு நேராகத் தரிசிக்கும் இடம் அதுதான்.