பேர்கன் துறைமுகத்தில் ஒரு மழைநாள்

நோர்வேயின் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையொன்றில் ஆறு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, அந்நாட்டின் மேற்குக் கரை நகரான பேர்கனுக்குக் குடிவந்த எனக்கு, இந்த ஊரைப் பற்றித் தெரிந்திருந்தது அதன் ஓயாத மழை மட்டுமே. பிறிக்கன் என்னும் பழைய துறைமுகத் தெருவுக்குள் முதன்முதலில் நுழைந்ததும் மழைக்கு ஒதுங்கத்தான். சிவப்பும் மஞ்சளுமான கூர்முகட்டு மரவீடுகளுக்கு நடுவே குறுகிய பலகைச் சந்து ஒன்று உள்ளே போகிறது. நனைந்த மரத்தின் வாசனை மூக்கில் ஏறியது. 1702ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்த இந்த வரிசையைப் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 1979இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

என்னைப் பிடித்து நிறுத்தியது மீன். 1360ஆம் ஆண்டளவில் ஹன்சா என்னும் வட ஜேர்மன் வணிக நகரங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த வணிகர்கள் இங்கே தங்கள் வணிக நிலையத்தை நிறுவியது, வடக்கே லொஃபோட்டன் தீவுகளில் குளிர்காலத்தில் பிடிபடும் கொட் மீனுக்காகத்தான். உப்பே இடாமல், மரச்சட்டங்களில் சோடி சோடியாகத் தொங்கவிட்டு, குளிர்காற்றிலேயே அதைக் காயவைப்பார்கள். கருவாடு என்றால் உப்பும் வெயிலும் என்று வளர்ந்த நான், விறகுபோல் விறைத்த அந்த மீனை வடக்கில் முதலில் கையில் எடுத்தபோது, இதை யார் தின்பார்கள் என்று சிரித்திருக்கிறேன். அந்த விறகைக் கொடுத்துத்தான், போதிய தானியம் விளையாத இந்தக் கரை ஜேர்மன் துறைமுக நகரான லூபெக் வழியாக வந்த தானியத்தை வாங்கி உண்டது.

வணிக நிலையத்தில் இருந்தவர்கள் மணம் முடிக்கக் கூடாது என்பது விதி. தீக்குப் பயந்து வீடுகளுக்குள் அடுப்போ கணப்போ வைக்கவில்லை; சமைப்பதும் குளிர்காய்வதும் பின்புறத்தில் தனியே கட்டிய பொதுக்கூடங்களில்தான். வேலைபழக வந்த பையன்கள் அலுமாரி போன்ற மூடு கட்டில்களில் உறங்கினார்கள். 1754இல் நிலையம் மூடப்படும்வரை ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் இப்படியே கழிந்திருக்கின்றன. அந்தக் கூடத்தின் நீண்ட வாங்கில் அமர்ந்தபோது, ஃபின்மார்க்கில் அவரவர் மனைவியின் விசாவுக்குக் காத்திருந்த நாங்கள் ஐந்து ஆண்கள், அறைகள் குளிர்கின்றன என்று சமையலறையிலேயே நள்ளிரவுவரை சீட்டாடிக் கழித்த மாதங்கள் நினைவுக்கு வந்தன. எங்களுக்கு ஊருக்குத் தொலைபேசி எடுக்கவாவது வழி இருந்தது.

திரும்பும் வழியில் அந்த மீனில் ஒன்று வாங்கினேன். ஒரு கிழமை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகுதான் கத்தி இறங்கியது. மனைவி புளிவிட்டுக் குழம்பு வைத்தார். இது கருவாடே இல்லை என்று மகள் சொல்லிவிட்டாள்; ஆனாலும் சட்டியில் எதுவும் மிஞ்சவில்லை.