ஒற்றைக் கையால் கொக்கி மாற்றுவது

போரில் காயமடைந்த படைவீரர்கள் மலையேறப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று சொன்னதும் பெரும்பாலானோரின் மனக்கண்ணில் தோன்றுவது செயற்கைக் கால்தான். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கை. இயன்முறை சிகிச்சையில் பதினைந்து ஆண்டுகளாகப் பணிபுரியும் எனக்கு, இரு சக்கர வாகனத்திலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தோள் நரம்புப் பின்னல் அறுந்து, ஒரு கை உயிரற்றுத் தொங்கும் இளைஞர்களைப் பார்க்காத மாதம் இல்லை. வெட்டி எடுக்கப்பட்ட கையைவிடச் செயலிழந்து தொங்கும் கை சில வேளைகளில் பெரிய சுமை. நாலு கிலோ எடையை எந்நேரமும் தோளில் கட்டிக்கொண்டு நடப்பதைப் போன்றது அது.

ஆகவேதான் 2012ஆம் ஆண்டு எவரெஸ்ட்டுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் அணியைப் பற்றிப் படித்தபோது அதை விட மனம் வரவில்லை. ‘வாக்கிங் வித் தி வூண்டட்’ என்ற அறக்கட்டளை அமைத்த அணி அது. 2010இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, 2011 ஏப்ரலிலேயே காயமடைந்த வீரர்கள் நால்வரை வட துருவத்துக்கு நடத்திச் சென்றிருந்தது. அந்த நால்வரில் இருவர் எவரெஸ்ட் அணியிலும் இருந்தனர்: ஆப்கானிஸ்தானில் குண்டு பாய்ந்து வலக்கை செயலிழந்த மார்ட்டின் ஹெவிட், அதே நாட்டில் ராக்கெட் குண்டால் இடக்கையை இழந்த யாக்கோ வான் காஸ். இவர்களுடன், இராக்கில் பாஸ்ரா நகரில் கவச வண்டி தீப்பிடித்து உடல் வெந்த கார்ல் ஹினெட், மார்பில் குண்டடி பட்ட டேவிட் வைஸ்மன் முதலியோரும் சேர்ந்தார்கள். கால் இழந்தவர்களின் அணியாக அல்லாமல் பெரும்பாலும் கையும் தோலும் நரம்பும் கெட்டவர்களின் அணியாக இது அமைந்தது என் போன்றோருக்கு முக்கியமான செய்தி.

எவரெஸ்ட்டின் வழக்கமான பாதையில் ஏறுவதற்கு வலுவான கால்கள் மட்டும் போதா. பாதையில் வரும், அண்டை மலையான லோட்சேயின் சரிவில் ஆயிரம் மீட்டருக்கும் மேலான செங்குத்துப் பனியில் கயிறு கட்டப்பட்டிருக்கும். அந்தக் கயிற்றில் மேல்நோக்கி மட்டுமே நகரும் ஜூமார் என்ற பிடியைத் தள்ளித் தள்ளித்தான் ஏற வேண்டும். கயிறு பனியில் ஆணியடித்து நிறுத்தப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் முதலில் பாதுகாப்புக் கொக்கியை ஆணிக்கு மேலே மாற்றி, பிறகு ஜூமாரைக் கழற்றி மேலே பூட்ட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கயிற்றைவிட்டு விலகிவிட்டால் ஆளைக் காப்பாற்ற எதுவும் இல்லை. இரண்டு கை உள்ளவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து மறு கையால் கொக்கியைத் திறக்கிறார். ஒரு கை உள்ளவர், தடித்த கையுறைக்குள் விரல்கள் மரத்திருக்க, விறைத்து நிற்கும் கயிற்றை முழங்காலாலோ மார்பாலோ அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே வேலையை ஒரே கையால் செய்தாக வேண்டும். அதை ஒரு முறை செய்வது வித்தை. மூச்சு வாங்கும் உயரத்தில் நாள் முழுக்கப் பிசகாமல் செய்வதற்குத்தான் மாதக்கணக்கான பயிற்சி தேவைப்படுகிறது.

கீழே, பனியாறு உடைந்து பிளவுபட்டு இறங்கும் கும்பு பனியருவியில் இன்னொரு சிக்கல் உண்டு. பிளவுகளின் மேல் அலுமினிய ஏணிகளைப் படுக்கவைத்து, இருபுறமும் கைப்பிடியாகக் கயிறு கட்டியிருப்பார்கள். அந்தக் கயிறுகள் தளர்ந்திருந்தால் பயனில்லை. நடப்பவர் முன்னோக்கிச் சாய்ந்து இரண்டையும் இழுத்துப் பிடித்தால்தான் நிலை கிடைக்கும். ஒரு கைக்கு ஒரு கயிறுதான் அகப்படும் என்பதால், ஏணியின் முனையில் நிற்கும் துணைவர் கயிற்றை இழுத்து விறைப்பாக வைத்திருக்க வேண்டும். இவ்வளவு எளிய உதவியைக்கூடச் சரியான நேரத்தில், சரியான விசையில் செய்வதற்கு இருவரும் பலமுறை சேர்ந்து நடந்திருக்க வேண்டும்.

ஆனால் நான் அதிகம் யோசித்தது உணர்ச்சியற்ற தோலைப் பற்றி. நரம்பு அறுந்த கைக்குக் குளிர் தெரியாது. நல்ல கையில் உறைபனி தாக்கத் தொடங்கினால் முதலில் வலிக்கும், பிறகு மரக்கும். அந்த வலிதான் எச்சரிக்கை மணி. செயலிழந்த கையில் அந்த மணியே இல்லை. விரல் வெளுத்ததா, கறுத்ததா என்று அருகில் இருப்பவர் கையுறையைக் கழற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும். தீக்காயத்துக்காகத் தோல் ஒட்டப்பட்ட உடலுக்கோ நேர்மாறான தொல்லை: ஒட்டுத் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இருப்பதில்லை. எவரெஸ்ட்டின் வெஸ்டர்ன் கூம் பள்ளத்தாக்கில் பகல் வெயில் மூன்று பக்கத்துப் பனியிலும் பட்டுத் திரும்பி, ஆட்கள் மேலங்கியைக் கழற்றும் அளவுக்குச் சுடும். உடம்பு முழுக்க வியர்க்க இயலாதவருக்கு அங்கே வெப்பமே பகை. ஒரே கயிற்றில் செல்லும் இருவரில் ஒருவருக்குக் குளிர் ஆபத்து, மற்றவருக்கு வெயில் ஆபத்து என்றால், ஒருவர் மற்றவரின் உடலைத் தம் உடலைப் போலக் கவனிக்கப் பழகாமல் ஏற முடியாது.

இங்கேதான் படைவீரர்களுக்கே உரிய ஒரு தடை குறுக்கிடுகிறது. வலியைச் சொல்லாதிருப்பது படையில் சிறப்பாகக் கருதப்படும் குணம். காலில் கொப்புளம் வெடித்தாலும் அணிவகுப்பில் பின்தங்காமல் நடப்பவர்தான் அங்கே மதிக்கப்படுவார். மருத்துவமனைக்கு வரும் முன்னாள் ராணுவத்தினரிடம் ‘வலிக்கிறதா’ என்று கேட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்ற பதில்தான் வரும் என்பதை என் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். (அவர்களுடைய மனைவிமாரைக் கேட்டால் உண்மை தெரியும்.) எட்டாயிரம் மீட்டர் மலையில் அந்தக் குணம் ஆளைக் கொல்லும். தலைவலியை மறைத்தவர் மறுநாள் மூளை வீங்கிச் சரியலாம். ஆகவே இத்தகைய அணியின் பயிற்சி, உடலை இறுக்குவதைவிட, ‘எனக்கு முடியவில்லை’ என்று வெட்கமின்றிச் சொல்லக் கற்பதாகவே இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. உடைந்த உடல் உள்ளவர்கள் மட்டுமே சூழ இருக்கும்போது அந்தச் சொல் எளிதாக வாயில் வரும். 2011 இலையுதிர் காலத்தில் இவர்கள் எவரெஸ்ட்டுக்கு முன்னோட்டமாக, உலகின் எட்டாவது உயரமான மனாஸ்லுவுக்குப் போனதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதே அமைப்பு 2013இல் தென் துருவத்துக்கு மூன்று அணிகளை அனுப்பியது. பிரிட்டன், அமெரிக்கா, காமன்வெல்த் நாடுகள் என்று பிரித்து, போட்டியாகவே தொடங்கினார்கள். பனித்தரை எதிர்பார்த்ததைவிடக் கரடாக இருந்து ஆட்கள் சோர்ந்ததும், பாதி வழியில் போட்டியைக் கைவிட்டு, மூன்று அணிகளும் ஒன்றாகி டிசம்பர் 13 அன்று துருவத்தை அடைந்தன. பந்தயத்தை நிறுத்தலாம் என்று யார் முதலில் சொன்னாரோ, அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கால் இழந்தவர்களின் கதை வேறு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். கூர்க்கா படையிலிருந்து வந்த ஹரி புத்தா மகர் 2010இல் ஆப்கானிஸ்தானில் இரு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்தவர். இரு கால் இழந்தவர்கள் எவரெஸ்ட் ஏறக் கூடாது என்று நேபாள அரசு 2017 இறுதியில் விதித்த தடை, நீதிமன்றம்வரை சென்று நீங்கிய பிறகு, 2023 மே 19 அன்று அவர் உச்சியை அடைந்தார் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

2012 அணிக்கு அந்த உச்சி கிட்டவில்லை. அந்த ஆண்டு மலையில் பனி குறைவு. லோட்சே சரிவிலிருந்து கற்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. கும்பு பனியருவியின் பாதைக்கு மேலே, எவரெஸ்ட்டின் மேற்குத் தோளில் ஒரு பெரும் பனிப்பாறை தொங்கிக்கொண்டிருந்தது. பயணத்தை நடத்திய ரசல் பிரைஸ், மே மாதத் தொடக்கத்தில் தம் பொறுப்பில் இருந்த எல்லோரையும் திருப்பி அழைத்துக்கொண்டார். பணம் கட்டி வந்தவர்களுள் உடல் முழுமையாக இருந்தவர்களும் இவர்களுடன் சேர்ந்தே இறங்கினார்கள். அதே மாதத்தில் மற்ற குழுக்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் உச்சியைத் தொட்டபோது, அந்த முடிவு மிகையான அச்சம் என்று பலர் பேசினார்கள்.

இந்த அணியைப் பற்றிய செய்திகளில் எனக்கு ஒரு குறை உண்டு. மாதக்கணக்கில் பயிற்சி பெற்ற வீரர்களைப் பற்றியே எல்லாரும் எழுதினார்கள். அந்தப் பனியருவியை வீரர்கள் கடந்தது சில முறை. அவர்களுடைய கூடாரம், உணவு, பிராணவாயு உருளை ஆகியவற்றைச் சுமந்துகொண்டு பருவம் முழுவதும் அதே பாறைக்கு அடியில் ஏறி இறங்க வேண்டியவர்கள் ஷெர்பாக்கள். பிரைஸ் தம் முடிவுக்குக் காரணம் கூறியபோது அவர்களைத்தான் முன்வைத்தார்.

2014 ஏப்ரல் 18 அன்று காலை, மேற்குத் தோளிலிருந்து பனி சரிந்து பாதையில் விழுந்தது. இறந்தவர்கள் 16 பேர். எல்லாரும் நேபாளத்தைச் சேர்ந்த மலைப்பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் அப்போது மேல் முகாம்களுக்குச் சுமை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.